பனி வந்தால் பாடுவேன்!

எனக்குச் சொந்த ஊர் மதுரை. பெண் கொடுத்த ஊர் நாகர்கோவில். இதனால் வருடத்துக்கு இரண்டு தடவை மாமியார் வீட்டு ரசவடையும், நாலு தடவை அந்த ஊர்த் தமிழ் புரியாமல் அசடு வழிவதும் எனக்கு நிச்சயம். இந்தக் கதையும் அப்படி ஒரு அசடு வழிந்த கதைதான்.

சித்திரை மாசம். வெயிலுக்குப் பயந்து பேச்சிப்பாறை போகலாம் என்று கிளம்பினேன். வடசேரியில் பஸ் ஏறினால் தக்கலை, குலசேகரம் என்று ஊர்கள் வர வர ரோட்டோரம் தென்னை போய் ரப்பர் வந்துவிடும். ஒவ்வொரு மரமும் இடுப்பில் ஒரு சிரட்டையைக் கட்டிக்கொண்டு, யாரோ சில்லறை போடுவார்கள் என்று காத்திருப்பது போல நிற்கும். அப்புறம் அணை.

பேச்சிப்பாறை அணையை 1897-ல் ஆரம்பித்து 1906-ல் முடித்தார்கள். அப்போது இது திருவிதாங்கூர் சமஸ்தானம். ராஜா மூலம் திருநாள். இன்ஜினீயர் மிஞ்சின் என்ற வெள்ளைக்காரர். அவருக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'மூக்கன் துரை'. கல்லறை அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு இங்கிருந்துதான் தண்ணீர். என் மாமியார் இலையில் தள்ளுகிற சோற்றுக்கு மூலக் காரணம் இந்த மூக்கன் துரை என்று தெரிந்ததும் ஒரு கும்பிடு போட்டேன்.

அணைக்கு அந்தப் பக்கம் மலை. மலையில் காணிக்காரர்கள்.

'காணி' என்றால் நிலம், நில உரிமை என்று நமக்குத் தெரியும். பெயரிலேயே பட்டா வைத்திருக்கிற ஜனங்கள்! தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்திலும், நெல்லைப் பக்கம் அம்பாசமுத்திரம், செங்கோட்டை வட்டாரங்களிலும் இவர்கள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். மலையின் மேற்குச் சரிவில் கேரளத்திலும் உண்டு. பேச்சு தமிழும் மலையாளமும் பின்னிய ஒரு மலைப் பேச்சு. தலைவருக்கு மூட்டுக்காணி என்று பெயர். பூசை, வைத்தியம், மந்திரம் மூன்றையும் கவனிப்பவர் பிலாத்தி.

அணைக்கரை டீக்கடையில் என் அதிர்ஷ்டம், ஒரு பிலாத்தியே சாயா குடித்துக்கொண்டிருந்தார். எழுபது வயசு இருக்கும். தோளில் துண்டு, கையில் ரேஷன் பை. காணிக்காரர் பாட்டைப் பற்றி நான் எங்கோ படித்திருந்தேன். நோய் வந்தால் கொக்கரை என்ற கருவியை உரசிக்கொண்டு ராத்திரி முழுக்கப் பாடுவார்களாம். அதற்குச் சாற்றுப் பாட்டு என்று பெயர். விடுவேனா? பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பெரியவரே, ஒரு பாட்டுப் பாடிக் காட்டுங்களேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சும்மா பாடக் கூடாது சாரே."

நான் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். அவர் முகம் சுருங்கியது. "சக்கறத்துக்கு இல்ல சாரே. பனி வந்தா பாடுவேன். அதாக்கும் வழக்கம்."

'அடடா, என்ன ரசனை!' என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. மார்கழிப் பனியில், மலை உச்சியில், தீ மூட்டிக்கொண்டு ஒரு பாட்டு! டைரியில் குறித்துக்கொண்டேன். 'மார்கழி - பேச்சிப்பாறை - பனி - பாட்டு.'

*

டிசம்பர் கடைசி. மனைவியின் எதிர்ப்பையும் மீறி ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லாய் சகிதம் நான் கிளம்பியபோது நாகர்கோவிலே சிரித்தது. நாகர்கோவிலில் ஸ்வெட்டர் போடுகிற அளவுக்குக் குளிராது. "அத்தான், ஊட்டி பஸ் இங்கேர்ந்து கிடையாது கேட்டியளா" என்றான் மைத்துனன். பள்ளிக்கூட வாத்தியார். அவன்தான் வனத்துறைக்கு நடையாய் நடந்து, ராத்திரி தங்க அனுமதி வாங்கி வைத்திருந்தான். 2008-லிருந்து அந்தக் காடு வனவிலங்குச் சரணாலயம். நினைத்தபோது நுழைய முடியாது.

வழியெல்லாம் வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார்கள் தொங்கின. அணையிலிருந்து படகு. அக்கரையில் இறங்கி ஒரு மணி நேரம் ஏற்றம். எந்தக் குடி என்று இங்கே எழுதவில்லை. "பேரு போட்டா நாளைக்கு ஜீப்பு ஜீப்பா வருவினும்" என்று மூட்டுக்காணி கேட்டுக்கொண்டார். நியாயம்தானே!

பிலாத்தி வீட்டுத் திண்ணையில் இருந்தார். என்னை ஞாபகம் வைத்திருந்தார். என் மஃப்ளரை உற்றுப் பார்த்தார்.

"பெரியவரே, நீங்க சொன்னபடி வந்துட்டேன். பனிக் காலம்! இப்பப் பாடுவீங்கதானே?"

அவர் விழித்தார். மைத்துனன் விழித்தான். பிறகு அவன் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே... "அத்தான்! இங்க பனின்னா காய்ச்சலாக்கும்! யாருக்காவது காய்ச்சல் வந்தா பாடுவேன்னு சொல்லியிருக்காரு!"

பிலாத்தி ரொம்பப் பரிவோடு கேட்டார்: "சாருக்கா பனி?"

குல்லாயைக் கழற்றிப் பையில் போட்டேன்.

*

நல்ல வேளை, சிரித்தவர்கள் சோறும் போட்டார்கள். சோறு என்றால் மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகை நசுக்கித் தொட்டுக்கொள்ள. அந்த மிளகு சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும். ஆனால், அதன் வீரியத்தில் நான் மஃப்ளரையும் கழற்ற வேண்டியதாயிற்று.

சாற்றுப் பாட்டுத்தான் கிடையாதே தவிர, மற்றப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. பிலாத்தியின் தங்கை, பல்லில்லாத பாட்டி, பேச ஆரம்பித்தார். பிள்ளையை உறக்க ஒரு பாட்டு. விளை காவலுக்கு ஒரு பாட்டு. முன்பெல்லாம் மரத்தின் மேல் ஏறுமாடம் கட்டி, ராத்திரி பூரா பன்றியும் யானையும் வராமல் காவல் இருப்பார்களாம். "உறக்கம் வராம இருக்கப் பாடுவோம். ஆனைக்கும் ஆளு இருக்குன்னு தெரியும். ரெண்டு காரியம்!" என்றார் பாட்டி.

எனக்கு அது பிடித்திருந்தது. நமக்குப் பாட்டு என்றால் ரேடியோ, கச்சேரி, சினிமா. அதாவது வேலை முடிந்த பிறகு. இங்கே பாட்டே ஒரு வேலை. மண்வெட்டி மாதிரி, வெட்டுக்கத்தி மாதிரி வீட்டுச் சாமான். சும்மா எடுத்துச் சுழற்றிக் காட்டு என்றால் எந்த ஆசாரி காட்டுவார்?

பிலாத்தி உள்ளே போய்க் கொக்கரையைக் கொண்டு வந்து காட்டினார். ஒரு முழத்துக்குக் குறைவான இரும்புக் குழல். நீளவாக்கில் ஓரம் ரம்பம் போல் பல் பல்லாக இருக்கிறது. ஒரு இரும்புக் கம்பியால் அந்தப் பற்களை உரச வேண்டும். 1909-ல் எட்கர் தர்ஸ்டன் என்ற துரை, தென்னிந்திய ஜாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு வால்யூம் எழுதினாரே, அதிலும் இந்தக் கொக்கரை வருகிறது. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் பல் தேயவில்லை!

"எனக்க அப்பனுக்க கொக்கரை" என்றார் பிலாத்தி. "எனக்குப் பொறவு ஆருன்னுதான் தெரியல்ல."

பக்கத்தில் பேரன் நின்றான். காலேஜில் மூன்றாம் வருஷம். லீவுக்கு வந்திருக்கிறான். ரப்பர் வெட்டத் தெரியும், ஜீப் ஓட்டத் தெரியும். பாட்டுத் தெரியாது. "பாட்டா, நீங்க பாடும்போ செல்போன்ல பிடிச்சு வெச்சா தீந்துது. எப்ப வேணும்னாலும் கேக்கலாமே" என்றான்.

நானும் ஒத்து ஊதினேன். "தம்பி சொல்றது சரிதானே? இல்லேன்னா உங்களோட போயிடுமே!"

கிழவர் உடனே பதில் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "மலைக்கு அந்தாண்ட ஒரு காயைக் காட்டிக் குடுத்த கதை சாரு கேட்டிருக்கியளா?"

கேட்டிருக்கிறேன். நீங்களும் கேளுங்கள். 1987-ல் புஷ்பாங்கதன் என்ற தாவர விஞ்ஞானி தலைமையில் ஒரு குழு, கேரளப் பக்கம் அகத்தியர் மலைக்காட்டில் ஏறியது. வழி காட்டியவர்கள் காணிக்காரர்கள். படித்தவர்களுக்கு மூச்சு வாங்குகிறது. காணிகளோ ஏதோ ஒரு சின்னக் காயை மென்றுகொண்டு களைப்பே இல்லாமல் ஏறுகிறார்கள். என்ன காய் என்றால் வாய் திறக்கவில்லை. அது வெளியே சொல்லக் கூடாத சங்கதி. ரொம்பக் கெஞ்சிய பிறகு காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்று ஒரு மருந்து பிறந்தது. கோவைக் கம்பெனி ஒன்று 10 லட்ச ரூபாய் லைசென்ஸ் கட்டணம் கொடுத்துத் தயாரிப்பு உரிமை வாங்கியது. கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-ல் அதற்காகவே ஒரு டிரஸ்ட் பதிவானது. காட்டு ஜனங்களின் அறிவுக்குப் பங்கு கொடுத்ததில் இது முன்னோடி என்று உலகம் பூராவும் பேசினார்கள். அதே சமயம், 'எல்லாக் காணிகளையுமா கேட்டீர்கள்?' என்ற கேள்வியும் எழுந்தது.

"காயைக் குடுத்தா செடி மலையில இருக்கும், பின்னேயும் காய்க்கும்" என்றார் பிலாத்தி. "பாட்டு அப்பிடி இல்ல. விளிச்சா தெய்வம் வரும். ஆரோ சாயாக்கடையில இருந்து போனை அமுக்கினா, தெய்வம் அங்க வந்து என்ன செய்யும்? சாயா குடிக்குமா?"

எனக்கு நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடை ஞாபகம் வந்தது. அங்கேயும் வில்லுப்பாட்டில் கதை ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால்தான் சாமி வரும். வில்லுக்காரர் அந்த இடத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விளையாட்டாகப் பாட மாட்டார். கீழே இருப்பவர்களுக்கும் இந்தப் பயம் உண்டு. நாம்தான் மலையில் இருப்பவரிடம் மட்டும் 'பாடு, பாடு' என்கிறோம்.

*

மத்தியானம் மூன்று மணிக்கு, நான் வாயில் விளையாட்டாகப் போட்ட பனி நிஜமாகவே வந்தது. பேத்தியின் பிள்ளை. இரண்டு வயசு. காலையிலிருந்தே சிணுங்கிக்கொண்டிருந்தது இப்போது அனலாய்க் கொதித்தது. கண் செருகியது. தாய்க்காரி பயந்து போனாள்.

'பாடப் போகிறார்!' என்று ஒரு கணம் மனசுக்குள் சந்தோஷப்பட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அடுத்த கணம் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். பாட்டுமாச்சு ஒண்ணுமாச்சு என்று ஆகிவிட்டது.

பிலாத்தி கொக்கரையைத் தொடவே இல்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஏதோ இலையைக் கசக்கி உச்சியில் வைத்தார். "முதல்ல ஆஸ்பத்திரி. இருட்டக் கூடாது. ஓடு" என்றார் பேரனிடம்.

ஓடினோம். இறக்கத்தில் பேரன் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினான். பின்னால் தாய்க்காரி. அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நான். (ஆரோக்கியப்பச்சையின் அருமை அப்போது புரிந்தது.) படகு வர இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோமே... அணைக்கு இக்கரையில் இருப்பவர்களுக்கு அது ஏரி, போட்டோ எடுக்கிற இடம். அக்கரையில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதே தண்ணீர்தான் சுவர். நாஞ்சில் நாட்டு வயலெல்லாம் அந்தச் சுவரால் விளைகிறது என்பதையும் நினைத்துக்கொண்டேன்.

படகில் காற்று அடித்தது. என் மஃப்ளரால் பிள்ளையைச் சுற்றினோம். நாகர்கோவிலே சிரித்த மஃப்ளர்!

டாக்டர் நல்ல மனுஷர். கோபிக்காமல் பார்த்தார். ஈரத் துணியால் துடைக்கச் சொல்லி, மருந்து கொடுத்து, ஒரு மணி நேரம் உட்கார வைத்து, சூடு இறங்கிய பிறகுதான் அனுப்பினார். "நாளைக்கும் காய்ந்தால் ரத்தம் பார்க்கணும்" என்று எழுதித் தந்தார். கடைசிப் படகில் திரும்பினோம்.

ராத்திரி எட்டு மணிக்கு வீட்டு முற்றத்தில் விளக்கு வைத்தார்கள். வாழையிலை, பொரி, வெற்றிலை. பிலாத்தி குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கொக்கரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கர்ர்ர்... கர்ர்ர்... முதலில் பல் கூசியது. கொஞ்ச நேரத்தில் அந்த உரசலுக்குள்ளேயே ஒரு தாளம் இருப்பது தெரிந்தது. மழைக்கு முன் தவளைகள் கத்துமே, அந்த மாதிரி. அதன் மேல் குரல். எனக்குப் பாதி வார்த்தைகள் புரியவில்லை. புரிந்தவை எல்லாம் பெயர்கள். மலைகளின் பெயர், ஆறுகளின் பெயர், மாடன், சாஸ்தா, அகத்தியர், செத்துப்போன பாட்டன்மார். ஒவ்வொருவரையும் பேர் சொல்லி வீட்டுக்கு அழைக்கிறார். 'பிள்ளைக்குச் சுகமில்லை, வந்து பாரும்' என்பதுதான் சாரம். சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புவது போல! தாய்க்காரி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

என் பையில் செல்போன் இருந்தது. அது அங்கேயே இருந்தது. பேரனும் எடுக்கவில்லை.

நடுச்சாமத்தில் கிழவர் கை ஓய்ந்தது. பாட்டை நிறுத்தாமலே கொக்கரையைப் பேரன் பக்கம் நீட்டினார். அவன் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். வாங்கிக்கொண்டான். உரசினான். பாருங்கள், நடுராத்திரியில் லாரி கியர் மாற்றுகிற சத்தம்! பெண்கள் சிரித்துவிட்டார்கள். கிழவர் சிரிக்கவில்லை. பாடிக்கொண்டே அவன் மணிக்கட்டைப் பிடித்து இரண்டு தடவை இழுத்துக் காட்டினார். மூன்றாவது தடவை விட்டுவிட்டார். விடியும் வரை அவன்தான் உரசினான். பாதி நேரம் தப்பாக.

காலையில் பிள்ளை எழுந்து, மஃப்ளரின் குஞ்சத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. உடம்பு குளிர்ந்திருந்தது.

வாய் சும்மா இருக்குமா எனக்கு? "பெரியவரே, ஒண்ணு கேட்டா கோபிக்கக் கூடாது. காய்ச்சல் எதுல போச்சு? மருந்துலயா, பாட்டுலயா?"

அவர் கொட்டாவி விட்டபடி சொன்னார்: "மருந்து பனிக்கு. பாட்டு தள்ளைக்கு."

இந்தத் தடவை நானே மைத்துனனைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். தள்ளை என்றால் தாய்.

*

வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். உலகத்தில் இப்படிப் பாட்டையே வீட்டுச் சாமானாக வைத்திருக்கிற மலை ஜனங்கள் நிறைய. துருக்கிப் பக்கம் குர்திஷ் மக்கள். அவர்களுடைய பாடகருக்கு 'தெங்பேஜ்' என்று பெயர். குரலைச் சொல்பவர் என்று அர்த்தம். போர், காதல், சாவு, குடும்பச் சண்டை எல்லாம் அவர் பாட்டில்தான் பதிவாகும். 1983-ல் துருக்கி அரசு ஒரு சட்டம் போட்டு அவர்கள் மொழியையே முடக்கியது. 1991-ல்தான் அது நீங்கியது. அந்த நாட்களில் எல்லைக்கு அப்பால் ஆர்மீனியாவின் எரெவான் ரேடியோவில் வரும் குர்திஷ் பாட்டுக்காக ஜனங்கள் ரகசியமாய்க் காது கொடுத்துக் கிடந்தார்களாம். 2007-ல் தியார்பக்கிர் நகரில் அந்தப் பாடகர்கள் உட்கார்ந்து பாட ஒரு வீடே திறந்தார்கள். தடை போட்டும் பாட்டு சாகவில்லை.

நம் காணிப் பாட்டுக்கு யாரும் தடை போடவில்லை. சொல்லப்போனால், 2006-ன் வன உரிமைச் சட்டம், காட்டு ஜனங்களின் பாரம்பரிய அறிவின் மேல் அந்தச் சமூகத்துக்கே உரிமை உண்டு என்கிறது. ஆனால், உரிமை இருந்து என்ன? கற்றுக்கொள்ள ஒரு பிள்ளை வேண்டுமே! அவன் படிக்க மலையிறங்கத்தான் வேண்டும். இறங்காதே என்று சொல்ல நமக்கு என்ன யோக்யதை? பதிவு பண்ணிவிட்டால் பாட்டு இருக்கும் என்று நானும்தான் நினைத்தேன். அன்று ராத்திரி பார்த்ததில், பெட்டியில் இருப்பது பாட்டின் சத்தம். பாட்டு அந்த மணிக்கட்டில் இருந்தது.

மஃப்ளர் எங்கே என்று மனைவி கேட்டாள். மலையில் ஒரு குழந்தை தின்றுவிட்டது என்றேன். அதற்கு அவள் பாடிய சாற்றுப் பாட்டு தனிக் கட்டுரை.

போன வாரம் பேரன் போன் பண்ணினான். குடியில் சிக்னல் கிடைக்காது. ஏதோ ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் பேச முடியும். காற்று இரைச்சலில் கத்தினான்: "சாரே, பாட்டா சுகமா இருக்காரு. லீவு நாளுக்கு ஒக்க வந்து இருக்கேன். பாட்டு பகுதி ஓர்மையில ஆயாச்சு!"

பகுதி என்றால் அந்த ஊரில் பாதி. மீதிப் பாதியும் ஆனதும் கேட்க வரலாமா என்றேன். சிரித்தான்.

"பனி வரட்டும் சாரே!"

வர வேண்டாம் தம்பி. பனி யாருக்கும் வராமலே இருக்கட்டும். பாட்டு மட்டும் முழுசாக வந்து, அந்த வீட்டில் இருக்கட்டும்.